தன் கைக்காசு

(உதகையின் காந்தலில் ஆசிரியர்களும் பெற்றோரும் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் காந்தலில் பிறந்து வளர்ந்தவன். இந்த மலையிலேயே பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு அழைத்திருக்கிறார்கள் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது, நான்காம் வகுப்பு படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன் கேட்டுக்கொண்டிருந்தான். "அறக்கட்டளைன்னா என்ன தாத்தா?" என்றான். ஒருவர் ஒரு தொகையை வங்கியில் போட்டுவைப்பார், அந்த முதலை யாரும் தொடமாட்டார்கள், வருகிற வட்டியில் ஆண்டுதோறும் ஒரு நல்ல காரியம் நடக்கும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அந்தக் காசு எப்பவுமே செலவாகாதா? பாவம் தாத்தா அது" என்றான்.

காசுக்காக இரக்கப்பட்ட ஆளை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அவனுக்கு வங்கியைச் சொல்லி விளக்க முடியாது என்று தெரிந்ததும் ஆட்டைச் சொன்னேன். சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டுமென்றால் 90 ஆடோ 96 ஆடோ கொடுப்பார்கள். இடையர் அந்த மந்தையை ஏற்றுக்கொண்டு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகும், குட்டி பிறக்கும், மந்தையின் எண்ணிக்கை மட்டும் குறையவே கூடாது. கல்வெட்டுகள் அதற்கு 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர் வைத்திருக்கின்றன. சாகாத, மூப்படையாத ஆடு. பையனுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "குட்டி போட்டுக்கிட்டே இருக்கும், நெய் வந்துக்கிட்டே இருக்கும்" என்றான். வட்டி என்ற பாடத்தை ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு என்று ஆண்டுக்கணக்கில் நடத்தியிருக்கிறேன். அன்றைக்கு நடத்திய அளவுக்கு நன்றாக ஒருநாளும் நடத்தியதில்லை.

பணத்தையும் கொடையையும் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதுதான் இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள். இரண்டையும் இரண்டு பாடமாகப் பிரித்து வைத்திருக்கிறோம். சேமிப்பு என்றால் கணக்கு வாத்தியார், தருமம் என்றால் நீதிபோதனை வகுப்பு. அந்தப் பிரிவில்தான் தவறு இருக்கிறது என்பது என் கட்சி. அதைச் சொல்வதற்கு முன்னால் என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

1960களின் நடுப்பகுதி. நான் ஐந்தாம் வகுப்பு. டிசம்பர் 7 கொடிநாள். முப்படை வீரர்களின் நலனுக்காக 1949 முதல் நாடு முழுக்க நடக்கும் வசூல் அது. உங்களில் பலரும் சட்டையில் அந்தச் சின்னக் காகிதக் கொடியைக் குண்டூசியால் குத்திக்கொண்டு போயிருப்பீர்கள். எங்கள் வகுப்பில் ஒரு பட்டியல் இருந்தது. காசு கொண்டுவராதவர்களின் பெயரைக் காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் வாசிப்பார்கள். மூன்று நாள் என் பெயர் வாசிக்கப்பட்டது. அம்மாவுக்கு மார்க்கெட்டில் உருளைக்கிழங்கு தரம் பிரிக்கும் வேலை, தினக்கூலி. கேட்டால் இல்லை என்பாள் என்று தெரியும். நான் கேட்கவே இல்லை. சாமி படத்துக்குப் பின்னால் பழனிக்கென்று மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த காசிலிருந்து ஒரு நாலணாவை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அன்று மாலை என் பெயர் வாசிக்கப்படவில்லை. ஆசிரியர் என் முதுகில்கூடத் தட்டிக்கொடுத்தார்.

முடிச்சு மாறியிருந்ததை அம்மா இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டாள். அடிக்கவில்லை. சாமி குத்தம் என்று பயமுறுத்தவும் இல்லை. "பட்டாளத்துக்காரருக்குக் குடுத்தது நல்லதுதான் கண்ணு. ஆனா அது உன்ற காசில்லையே. நீ எப்படிக் குடுத்தே?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பங்குனி உத்திரத்துக்குள் அந்த நாலணா துணிக்குத் திரும்பி வரவேண்டும் என்றாள். எப்படி வந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அம்மா கேட்ட கேள்வியைத்தான் நாம் பிள்ளைகளிடம் கேட்பதே இல்லை. காலையில் பையில் பத்து ரூபாயைத் திணித்து, பள்ளியில் கேட்கிறார்கள், கொடுத்துவிடு என்று அனுப்புகிறோம். பிள்ளை அங்கே கொடையாளி இல்லை, தபால்காரர். தபால்காரருக்கு மணியார்டரின் இன்பம் எப்படித் தெரியும்?

இந்தக் கேள்வியை வாழ்நாள் முழுக்கச் சுமந்த ஒருவரை நமக்கெல்லாம் தெரியும். பாலம் கலியாணசுந்தரம். திருநெல்வேலிச் சீமையில் மேலக்கருவேலங்குளத்தில் பிறந்தவர். ஸ்ரீவைகுண்டம் குமரகுருபரர் கல்லூரியில் நூலகராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்து, சம்பளத்தை அப்படியே ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, தன் வயிற்றுப்பாட்டுக்கு வேறு சிறு வேலைகளைச் செய்தவர். 2023இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. சீனப் போர்க் காலத்தில், மாணவராக இருந்தபோது, கழுத்தில் கிடந்த தங்கச் சங்கிலியைக் கழற்றிக் காமராசரிடம் போர் நிதிக்குக் கொடுத்தார். அந்தச் செய்தியோடு ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்பிரமணியனைப் பார்க்கப் போனாராம். சங்கிலி உன் பெற்றோர் போட்டது, நீயே சம்பாதித்துக் கொடுத்துவிட்டு வா, அப்போது எழுதுகிறேன் என்று திருப்பி அனுப்பிவிட்டாராம் ஆசிரியர். கலியாணசுந்தரத்தின் வாழ்க்கையைச் சொல்பவர்கள் இதைத் தவறாமல் சொல்வார்கள். இன்றைக்கு ஒரு மாணவனிடம் இப்படிச் சொன்னால் ஈவிரக்கமில்லாதவர் என்போம். ஆனால் அந்த ஒரு மறுப்பு முப்பது ஆண்டுச் சம்பளத்தை அறத்துக்குக் கொண்டுவந்தது. அவருடைய தாயார் சொல்லிக்கொடுத்த பாடத்தையும் அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்: பேராசைப்படாதே, கிடைப்பதில் பத்தில் ஒரு பங்கைக் கொடு, நாளுக்கு ஓர் உயிருக்காவது நல்லது செய். இதில் நடுவில் இருப்பது கணக்குப் பாடம் என்பதைக் கவனியுங்கள். பத்தில் ஒன்று எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால், மொத்தம் எவ்வளவு என்று முதலில் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

ஆகவே, கொடுப்பது யாருடைய காசு என்பது முதல் கேள்வி. கொடுத்தது திரும்பி வருமா என்பது இரண்டாவது.

1934ஆம் ஆண்டு பிப்ரவரித் தொடக்கத்தில் காந்தியடிகள் குன்னூரில் தங்கியிருந்தார். அரிசன நிதி திரட்டும் சுற்றுப்பயணம், உதகையிலும் பேசினார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், மலைக்கு அந்தப் பக்கம், மலபாரில் வடகரைக் கூட்டத்தில் கௌமுதி என்ற பதினாறு வயதுப் பெண் மேடையேறித் தன் வளையல்களையும் கழுத்து நகையையும் காதணிகளையும் கழற்றிக் கொடுத்திருந்தாள். காந்தி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடவில்லை. பெற்றோர் சம்மதம் உண்டா என்று விசாரித்தார். இதற்குப் பதிலாக வேறு நகை செய்து தரும்படி வீட்டில் கேட்கக்கூடாது என்ற உறுதியையும் வாங்கிக்கொண்டார். ஒன்று போனால் இன்னொன்று வரும் என்றால் அதில் துறந்தது எது? அன்று அந்தப் பெண்ணிடம் காந்தி நடத்தியதைவிட நல்ல பாடத்தை நான் எந்தப் பாடநூலிலும் கண்டதில்லை.

84 ஆண்டுகள் கழித்து, 2018இல் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது விழுப்புரத்தில் ஒரு சிறுமி சைக்கிள் வாங்கப் பல வருடமாகச் சேர்த்த உண்டியலை உடைத்து நிவாரணத்துக்குக் கொடுத்தாள். சுமார் 9,000 ரூபாய். அது முழுக்க அவள் காசு, அவள் ஆசை, அவள் முடிவு. நாடே வியந்தது, வியக்க வேண்டியதுதான். உடனே ஒரு சைக்கிள் நிறுவனம் அவளுக்குப் புதுச் சைக்கிள் தருவதாக அறிவித்தது. அந்தக் குழந்தையிடம் எந்தக் குறையும் இல்லை, சைக்கிள் கொடுத்தவர்கள் எண்ணமும் நல்லதுதான். ஆனால் அதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த மற்றக் குழந்தைகள் என்ன கற்றிருப்பார்கள்? உண்டியலைக் கொடுத்தால் சைக்கிள் வரும் என்றல்லவா? பெரியவர்களாகிய நமக்குக் குழந்தையின் கை வெறுங்கையாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. அந்த வெறுங்கையின் கனத்தைச் சில மாதமாவது சுமக்க விட்டிருந்தால் கொடை என்னவென்று அவளும் நாமும் இன்னும் நன்றாக அறிந்திருப்போம்.

திரும்பி வரும் கொடுக்கல் வாங்கல் தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. அதற்குத் தனிப் பெயர் உண்டு, தனி மரியாதையும் உண்டு. இந்த மலையே அதற்குச் சாட்சி. 1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்து, பின்னால் சந்தையும் ரூபாயும் பரவுவதற்கு முன்னால் இங்கே நான்கு குடிகள் கொடுத்து வாங்கி வாழ்ந்தன. தோடர் எருமை நெய் தந்தார்கள். கோத்தர் அரிவாளும் கோடரியும் அடித்துத் தந்தார்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் பானை வனைந்தார்கள், ஆண்கள் சாவுக்கு வந்து வாசித்தார்கள். படுகர் தானியம் அளந்தார்கள். குறும்பர் காட்டிலிருந்து தேன் கொண்டுவந்தார்கள். இது சந்தையில் முன்பின் தெரியாதவர்கள் செய்யும் பண்டமாற்று இல்லை. இந்தப் படுகர் வீட்டுக்கு இந்தக் கோத்தர் வீடு என்று தலைமுறை தலைமுறையாக உறவு இருந்தது. 1930களின் கடைசியில் கோத்தர்களிடம் வந்து தங்கி ஆராய்ந்த டேவிட் மண்டல்பாம், அந்த உறவுகள் எப்படித் தளர்ந்தன என்று எழுதியிருக்கிறார்.

தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கம் மொய்விருந்து வைக்கிறார்கள். எழுதிய மொய் கணக்காகத் திரும்பி வரும். வராவிட்டால் கோபமும் வரும். அது கடன், அதில் வெட்கம் இல்லை. வள்ளுவர் ஒப்புரவுக்கு 22ஆம் அதிகாரத்தையும் ஈகைக்கு 23ஆம் அதிகாரத்தையும் அடுத்தடுத்து வைத்தார், ஒன்றாகக் கலக்கவில்லை. ஊரோடு ஊராகப் பகிர்ந்து வாழ்வது வேறு, திருப்பித் தர இயலாதவருக்குக் கொடுப்பது வேறு. மொய், ஒப்புரவு, ஈகை மூன்றையும் நம் பிள்ளைகளிடம் 'உதவி' என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். பிறந்தநாளுக்குப் பரிசு கொடுத்த நண்பன் திருப்பித் தரவில்லையே என்று அழும் குழந்தையை, தப்பு, எதையும் எதிர்பார்க்கக்கூடாது என்று அதட்டுகிறோம். பாவம், அது மொய்க் கணக்கில் சரியாகத்தான் அழுகிறது.

மூன்றாவது கேள்வி, யார் பார்ப்பதற்காகக் கொடுக்கிறோம் என்பது. இதில் காந்தலுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. தென்னிந்தியாவின் கல்வாரி என்று சொல்லும் குருசடித் திருத்தலம் இங்கே இருக்கிறது, காசி விசுவநாதர் கோயில் இருக்கிறது, தட்சிணாமூர்த்தி மடம் இருக்கிறது, தொழுகைக்குப் போகும் வீடுகள் ஒரே சந்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கத்தோலிக்க வீட்டுப் பிள்ளை தவக்காலத்து நாற்பது நாளும் மிட்டாயைத் தள்ளிவைத்து அட்டை உண்டியலில் காசு போடும். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு மஞ்சள் துணி. நோன்புப் பெருநாள் தொழுகைக்கு முன்னால் முஸ்லிம் வீட்டில் ஆளுக்கு இத்தனை அரிசி என்று ஃபித்ரா கொடுப்பார்கள். தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கும் ஒரு பங்கு தகப்பன் அளப்பார். பேச்சு வருவதற்கு முன்பே அந்தப் பிள்ளை கொடுத்தவர் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. இந்த மூன்றிலும் பட்டியல் வாசிக்கும் வழக்கம் கிடையாது. யார் எவ்வளவு போட்டார் என்று உண்டியல் சொல்லாது. பள்ளிக்கூடத்தில்தான் நாம் பெயர் வாசித்தோம். இப்போது பெயருக்குப் பதில் படம். காசோலையை நீட்டியபடி எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள். வாங்கிக்கொள்ளும் பிள்ளையும் அந்தப் படத்தில் நிற்கிறது. நாளைக்கு அதே பிள்ளை வகுப்பில் யார் பக்கத்தில் உட்காரும் என்று யாரும் நினைப்பதில்லை.

படமும் பட்டியலும் இல்லாத கொடை எதையும் சாதிக்காது என்று நினைப்பவர்களுக்கு விருதுநகரைச் சொல்வேன். அங்கே 1889இல் தொடங்கிய க்ஷத்திரிய வித்யாசாலா பள்ளி பிடி அரிசியில் வளர்ந்தது. ஒவ்வொரு வீட்டிலும் உலையில் போடுவதற்கு முன் ஒரு பிடி அரிசியைப் பள்ளிக்கென்று எடுத்து வைப்பார்கள். அடுப்படியில் நிற்கும் பிள்ளைக்கு அது தினமும் கண்ணில் படும். முதல் பிடி நமக்கு இல்லை என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. அந்தப் பள்ளியில் படித்த பிள்ளைகளில் ஒருவர் காமராசர். அவர் முதலமைச்சராகி 1956இல் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கினார். அந்தப் பிடி அரிசிதான் சாவா மூவாப் பேராடு.

சரி, சேமிப்புக்கு வருகிறேன். 1924இல் இத்தாலியின் மிலான் நகரில் சேமிப்பு வங்கிகளின் மாநாடு கூடி, அக்டோபர் 31ஐ உலகச் சிக்கன நாளாக அறிவித்தது. நம் நாட்டில் இப்போது அக்டோபர் 30 அன்று கொண்டாடுகிறோம். சிறுசேமிப்புத் துறைக்காகக் கட்டுரைப் போட்டி எழுதாத தமிழ்ப் பிள்ளை என் தலைமுறையில் குறைவு. அதைவிட நல்லது பள்ளிகளில் நடந்த சஞ்சாயிகா. அதில் மாணவர்களே வங்கியை நடத்தினார்கள். ஒரு மாணவி காசாளர், ஒருவன் கணக்கர், ஆசிரியர் மேற்பார்வை. வசூல் அஞ்சலகத்துக்குப் போகும். சக மாணவனின் பத்து காசுக்குத் தான் பொறுப்பு என்ற எண்ணம் பதினொரு வயதில் வந்தது. அந்த வழக்கம் மெல்ல மறைந்துவிட்டது. 1991இல் மும்பையில் மெல்ஜோல் என்ற அமைப்பு தொடங்கிய முயற்சி, பிறகு 'அஃப்லாதூன்' என்ற பெயரில் பல நாடுகளுக்குப் பரவியது. உரிமையும் பொறுப்பும் சேமிப்பும் ஒரே பாடம் என்பதுதான் அவர்கள் கொள்கை. நாம் கைவிட்டதை உலகம் எடுத்துக்கொண்டது.

இன்றைக்கு இன்னொரு சிக்கல். 2016 பணமதிப்பு நீக்கத்துக்குப் பிறகு காசு கண்ணில் படுவதே குறைந்துவிட்டது. அப்பா கடையில் கைப்பேசியைக் காட்டுகிறார், சாமான் வருகிறது. போனில் காசு தீருமா என்று குழந்தைக்கு எப்படித் தெரியும்? அதனால் வீட்டுக் கணக்கை வாய்விட்டுப் பேசுங்கள். காந்தலில் பாதி வீடு சுற்றுலா சீசனை நம்பியிருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் வருவதை வைத்து ஆடி மழையைத் தாண்ட வேண்டும். தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் வீட்டில் இந்த மாதம் பச்சைத் தேயிலை கிலோ என்ன விலை என்பதுதான் மாதத்தின் தலைவிதி. இதையெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது என்று மறைக்காதீர்கள். வரவு ஏறி இறங்கும் என்று தெரிந்த பிள்ளைக்குத்தான் அடுத்த வீட்டின் இறக்கமும் புரியும். 10 வயது நிறைந்த பிள்ளை அஞ்சலகத்தில் தன் கணக்கைத் தானே இயக்கலாம். தன் கையெழுத்துப் போட்டுப் பணம் எடுக்கட்டும். சிறு தொகையாக இருந்தாலும் அது தன்னுடையது என்று அதற்கு நிச்சயமாகத் தெரியட்டும்.

அப்படித் தன்னுடையதாக ஒன்று இருந்தால், அதைக் கொடுக்கமாட்டேன் என்று சொல்லவும் அதற்கு உரிமை வேண்டும். ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். வசூல் வந்தால் வராந்தாவில் துளையிட்ட ஒரு டப்பாவை வையுங்கள். எதற்காக என்று தெளிவாகச் சொல்லுங்கள். பெயர் எழுதாதீர்கள், வகுப்புக்கு இவ்வளவு என்று போட்டி வைக்காதீர்கள். தொகை குறையும், எனக்குத் தெரியும். குறையட்டும். ஔவையார் ஆத்திசூடியைத் தொடங்கும்போது குழந்தையிடம் அறத்தைச் செய்துவிடு என்று கட்டளையிடவில்லை. அதன்மேல் ஆசைப்படச் சொன்னார். பட்டியல் வாசித்து யாரையும் ஆசைப்பட வைக்க முடியாது.

என் நாலணாவுக்கு வருகிறேன். அந்த ஜனவரி உறைபனியில் தைலமரத்து இலையைப் பொறுக்கிக் கட்டாகக் கட்டி, எண்ணெய் காய்ச்சும் இடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். விரல் விறைத்துப்போகும். இரண்டு காசு, மூன்று காசு என்று கிடைக்கும். அம்மா மஞ்சள் துணியை அவிழ்த்துப் போடச் சொல்வாள், மறுபடி முடிவாள். பங்குனிக்கு முன்னாலேயே 25 காசு நிறைந்துவிட்டது. மேலே 10 காசு மிச்சம். துணியில் போடப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள். "சாமி காசு தீந்துபோச்சு. இது உன்றது. என்ன வேணாப் பண்ணிக்கோ" என்றாள்.

நேரே பேக்கரிக்குப் போய் ஒரு வர்க்கி வாங்கினேன். அடுப்பிலிருந்து அப்போதுதான் வந்தது, காகிதம் சுட்டது. வீட்டுக்கு வரும் வழி முழுக்கத் தங்கச்சிக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே வந்தேன். கொடு என்று யாரும் சொல்லவில்லை. கொடுக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. முக்கோணச் சந்திப்பு வருவதற்குள் பாதியைத் தின்றுவிட்டேன். மீதிப் பாதியைக் காகிதத்தோடு சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

கொடிநாளுக்கு நான் கொடுத்த நாலணாவுக்கு ஆசிரியர் முதுகில் தட்டினார். அது என் கொடை இல்லை. நான் முதன்முதலாகக் கொடுத்தது நொறுங்கிப்போன அந்தப் பாதி வர்க்கிதான். தங்கச்சி, மீதி எங்கே என்றுதான் கேட்டாள்.